கல்லாவில் ஒரு கண், தெருவில் ஒரு கண்



விலைவாசி, வரி, லைசென்ஸ், எடைக்கல் முத்திரை என்று நம் தொழில் சம்பந்தமான பல விஷயங்களை இந்தப் பக்கங்களில் படித்து வருகிறோம். இம்முறை பாதுகாப்பு என்ற விஷயத்தை ஒரு பாடமாகவே எழுத முற்பட்டிருக்கிறோம். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு கடைகளுக்கு நாற்பது ஆண்டுகளாக மளிகைச் சரக்கு அனுப்பி வருகிற அனுபவத்தில் நாம் கண்டது ஒன்று உண்டு. பூட்டு, ஷட்டர், கேமரா, வாட்ச்மேன் ஆகிய எல்லாவற்றுக்கும் செலவு செய்கிற கடைக்காரர்கள், செலவே இல்லாத ஒரு காவலை மறந்துவிடுகிறார்கள். அது நம் கண்ணும், நம் சிப்பந்திகளின் கண்ணும்தான்.

காவல்துறை அதிகாரி நம் தெருவுக்கு மாற்றலாகி வருவார், இரண்டு மூன்று ஆண்டுகளில் போவார். நாமோ அதே வாசலில் காலை ஒன்பது மணியிலிருந்து இரவு ஒன்பது மணி வரை உட்கார்ந்திருக்கிறோம். தெருவை நம்மைவிட நன்கு அறிந்தவர் யாருமில்லை. அந்த அறிவை முறையாகப் பயன்படுத்துவது எப்படி என்பதே இந்தப் பாடம்.

வழக்கம் தெரிந்தால்தான் மாறுதல் தெரியும்

மூட்டை வந்து இறங்கியதும் குத்தூசி போட்டு, வந்த அரிசியை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறோம். புதிதாகச் சேர்ந்த பையனுக்கு எல்லாம் ஒரே அரிசிதான். நமக்கு மட்டும் கல் எது, பழுப்பு எது, கலப்படம் எது என்று உடனே தெரிகிறது. நல்ல அரிசி எப்படி இருக்கும் என்பது நம் மனதில் பதிந்திருப்பதே காரணம். தெருவைப் பார்ப்பதும் இதே வித்தைதான்.

ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு நடை உண்டு. ரங்கநாதன் தெருவில் பகல் முழுவதும் மாம்பலம் ஸ்டேஷன் பக்கமிருந்து கூட்டம் வந்துகொண்டே இருக்கும். இரவானால் பைகளோடு ஸ்டேஷன் பக்கம் திரும்பும். மயிலாப்பூர் மாட வீதிகளில் கபாலீஸ்வரர் கோயில் பூஜை நேரத்தை ஒட்டிக் கூட்டம் ஏறி இறங்கும். அடையாறு காந்தி நகர் போன்ற இடங்களில் மத்தியானம் இரண்டு மணிக்குத் தெருவே உறங்கும். இந்த நடையை அறிந்தவருக்குத்தான் அதற்கு மாறானது கண்ணில் படும்.

கவனிக்க வேண்டிய மாறுதல்கள் சிலவற்றைச் சொல்கிறோம். எல்லோரும் சரக்கைப் பார்க்கும்போது ஒருவர் மட்டும் கல்லாவையும், கேமராவையும், பின்வாசலையும் பார்ப்பது. ஒரே ஆள் சிறிது நேரத்தில் சட்டையை மாற்றிக்கொண்டு மறுபடி அதே வழியில் போவது. சித்திரை வெயிலில் தடித்த ஜெர்கின் அணிந்து வருவது. எதுவும் வாங்காமல் சிப்பந்தியிடம் “முதலாளி எத்தனை மணிக்குக் கிளம்புவார், பணம் எப்போது பாங்குக்குப் போகும்” என்று பேச்சுவாக்கில் கேட்பது. பையை வைத்துவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்க்காமல் வேகமாக விலகுவது.

ஆனால் ஒற்றை அடையாளத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது. ஜவுளிக்கடை வாசலில் இரண்டு மணி நேரம் சும்மா நிற்கும் ஆண்களையெல்லாம் சந்தேகப்பட்டால் தியாகராய நகரில் பாதிப் பேரைப் பிடிக்க வேண்டியிருக்கும்! பாவம், அவர்கள் உள்ளே புடவை பார்க்கும் மனைவிக்காகக் காத்திருப்பவர்கள். இரண்டு மூன்று மாறுதல்கள் ஒரே ஆளிடம் சேர்ந்து வரும்போதுதான் நம் கவனம் கூட வேண்டும்.

கவனத்தின் நான்கு நிலைகள்

அமெரிக்க மரைன் படை வீரராக இருந்த ஜெஃப் கூப்பர் என்பவர் மனிதனின் விழிப்பு நிலையை நான்கு நிறங்களாகப் பிரித்துச் சொன்னார். நம் கடைக்கும் அது பொருந்துகிறது.

வெள்ளை என்பது சுற்றிலும் நடப்பது எதுவும் தெரியாத நிலை. கல்லாவில் உட்கார்ந்து செல்போனில் மூழ்கியிருப்பவர் இந்த நிலையில் இருக்கிறார். மஞ்சள் என்பது பதற்றமில்லாத விழிப்பு. வேலையைச் செய்துகொண்டே வருவோர் போவோரைக் கவனிப்பது. ஆரஞ்சு என்பது குறிப்பிட்ட ஒன்று சரியாக இல்லை என்று பட்டு அதையே கவனிப்பது. சிவப்பு என்பது செயலில் இறங்குவது.

நாள் முழுவதும் ஆரஞ்சில் இருக்க எவராலும் முடியாது. அப்படி இருந்தால் வியாபாரமும் நடக்காது, தூக்கமும் வராது. மஞ்சளில் இருந்தால் போதும். வண்டி ஓட்டுகிறவர் கண்ணாடியை அவ்வப்போது பார்த்துக்கொள்வது போன்றதுதான் இது.

கேட்பாரற்ற பொருள்

1984-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் தேதி இரவு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் நடந்ததை மூத்த வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். கொழும்பு விமானத்துக்கென்று பெட்டிகளைப் பதிவு செய்த பயணி விமானம் ஏறவில்லை. பெட்டிகள் மட்டும் உரியவர் இல்லாமல் நிலையத்தில் நின்றன. குண்டு இருக்கிறது என்று தொலைபேசியில் எச்சரிக்கையும் வந்தது. கடத்தல்காரர்களின் தந்திரமாக இருக்கலாம் என்ற எண்ணத்தில் பெட்டிகளை அப்புறப்படுத்துவது தாமதமாயிற்று. வெடித்தபோது ஏறக்குறைய 30 பேர் உயிரிழந்தனர். பெட்டியும் கண்ணில் பட்டது, எச்சரிக்கையும் காதில் விழுந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்து உடனே ஆட்களை விலக்காததுதான் உயிர்களைப் பறித்தது.

1998-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் தேதி கோவையில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டனர். இருநூறுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். கடைவீதிகளில் நின்ற வாகனங்களிலும் குண்டுகள் வைக்கப்பட்டிருந்தன. ஆர்.எஸ். புரத்தில் நின்றிருந்த கார் ஒன்றில் வெடிபொருள் இருப்பது தெரிந்து, நிபுணர்கள் பல நாட்கள் பாடுபட்டு அதைச் செயலிழக்கச் செய்தார்கள். நம் கடை வாசலில் நிற்கும் சைக்கிளும் ஸ்கூட்டரும் யாருடையவை என்று தெரிந்திருப்பது ஏன் அவசியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

2005-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி, தீபாவளிக்கு மூன்று நாட்கள் இருக்கையில், டில்லியில் சரோஜினி நகர் மார்க்கெட், பஹார்கஞ்ச் ஆகிய கடைவீதிகளில் குண்டுகள் வெடித்தன. அன்றைக்கே கோவிந்தபுரி அருகே ஓடிய ஒரு பஸ்ஸில் உரியவர் இல்லாத பை ஒன்றைப் பயணிகள் கவனித்துக் குரல் கொடுத்தார்கள். டிரைவர் குல்தீப் சிங் பஸ்ஸை நிறுத்திப் பயணிகளை இறக்கிவிட்டு, பையை அப்புறப்படுத்தினார். அப்போது அது வெடித்து அவர் பார்வையை இழந்தார். பயணிகள் பிழைத்தார்கள். அந்தத் தியாகத்தை வணங்குகிறோம். ஆயினும் நம் சிப்பந்திகளுக்கு நாம் சொல்ல வேண்டியது, கேட்பாரற்ற பொருளைத் தொடாதே என்பதுதான்.

இந்த இடத்தில் விதிகள் நான்கு: தொடாதே, நகர்த்தாதே, மேலே தண்ணீர் ஊற்றாதே, திறந்து பார்க்காதே. “இது யாருடைய பை?” என்று இரண்டு முறை உரக்கக் கேட்க வேண்டும். பதில் இல்லையென்றால் ஆட்களை அமைதியாக வெளியேற்றி, தூரத்தில் போய் நின்று 112-க்குப் போன் செய்ய வேண்டும். ரயில் நிலையம் என்றால் 139. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை அது யாரோ மறந்துவிட்ட டிபன் பாக்ஸாகத்தான் இருக்கும். அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை.

தெருவோர வியாபாரியை மறக்க வேண்டாம்

2010-ஆம் ஆண்டு மே 1-ஆம் தேதி மாலை நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் ஒரு பெரிய கார் நின்றது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, விளக்குகள் மின்னிக்கொண்டிருந்தன, உள்ளே ஆளில்லை, புகை வந்தது. இதைக் கவனித்துக் குதிரைப் போலீஸ்காரரிடம் சொன்னவர்கள் நடைபாதையில் பனியன் போன்ற பொருட்களை விற்றுக்கொண்டிருந்த வியாபாரிகள். காருக்குள் காஸ் சிலிண்டர்கள், பெட்ரோல், பட்டாசு எல்லாம் இருந்தன. போலீசார் கூட்டத்தை வெளியேற்றினார்கள். குண்டு சரியாக வெடிக்கவில்லை. ஒருவருக்கும் சேதமில்லை. காரை நிறுத்தியவன் இரண்டு நாளில் விமான நிலையத்தில் பிடிபட்டான்.

அத்தனை பெரிய நகரத்தில் அத்தனை போலீசாருக்கும் முன்பாகப் பார்த்தவர்கள் நடைபாதை வியாபாரிகள் என்பதை நாம் யோசிக்க வேண்டும். தெற்கு மாட வீதியில் காய்கறி விற்கும் அம்மா, பாண்டி பஜாரில் பூ கட்டும் அக்கா, ஆட்டோ ஸ்டாண்ட் தம்பி, டீக்கடைப் பையன் ஆகியோர்தான் நம் தெருவின் கண்கள். இவர்களோடு பெரிய கடைக்காரர்களுக்கு இடத் தகராறு இருப்பது உண்மை. ஆனால் தினமும் விரட்டப்படுகிறவர், நம் கடை வாசலில் அறியாத வண்டி நிற்பதை எதற்காக நம்மிடம் வந்து சொல்ல வேண்டும்? “அக்கா, சாப்பிட்டாச்சா?” என்று கேட்கிற கடைக்காரருக்கு அந்தத் தகவல் தானாக வந்து சேரும்.

பக்கத்துக் கடையில் என்ன நடக்கிறது?

2017-ஆம் ஆண்டு நவம்பரில் சென்னை கொளத்தூரில் ஒரு நகைக்கடையில் பெரும் கொள்ளை நடந்தது. கொள்ளையர் ஷட்டரை உடைக்கவில்லை. நகைக்கடைக்கு நேர் மேலே உள்ள இடத்தைக் கடை வைக்கப் போவதாகச் சொல்லி வாடகைக்கு எடுத்து, தரையைத் துளையிட்டு இறங்கினார்கள். மூன்றரைக் கிலோ தங்கம் போயிற்று. கொள்ளையரைத் தேடி ராஜஸ்தான் சென்ற மதுரவாயல் இன்ஸ்பெக்டர் பெரியபாண்டியன் டிசம்பர் 13-ஆம் தேதி பாலி மாவட்டத்தில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து உயிரிழந்தார். தங்கத்திற்கு விலை உண்டு, அந்த அதிகாரியின் உயிருக்கு விலை ஏது?

இதற்குப் பத்து ஆண்டு முன்னால், 2007 டிசம்பர் இறுதியில், கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் சேலேம்ப்ராவில் ஒரு கிராம வங்கி கொள்ளை போயிற்று. அங்கே வங்கி மாடியில், கொள்ளையர் கீழே. ஓட்டல் திறக்கப் போகிறோம் என்று கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்து, ஷட்டரை இறக்கிவிட்டு, கூரையைத் துளைத்து மேலே ஏறினார்கள். போனது சுமார் 80 கிலோ தங்கம்.

இரண்டிலும் பாடம் ஒன்றே. புதிதாகக் கடை எடுத்தவர் சரக்கு இறக்கவில்லை, போர்டு எழுத ஆள் கூப்பிடவில்லை, அக்கம்பக்கத்துக் கடைக்காரரிடம் வந்து அறிமுகமும் செய்துகொள்ளவில்லை, ஆனால் மூடிய ஷட்டருக்குள்ளே தட்டும் சத்தம் மட்டும் வருகிறது என்றால் அது வியாபாரியின் லட்சணமில்லை. எந்த வியாபாரி அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் கடையை மூடி வைத்திருப்பார்? நம் கட்டடத்தை வாடகைக்கு விடும்போது அடையாளச் சான்றுகளை வாங்கி, அசலோடு ஒத்துப் பார்த்து, வாடகைதாரர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுத்துவிட வேண்டும். இரண்டாயிரம் ரூபாய் வாடகை கூடக் கிடைக்கிறது என்று இதை விட்டுக்கொடுப்பது புத்திசாலித்தனமல்ல.

கவனத்தைத் திருப்புகிறவர்கள்

திருடனுக்கு வேண்டியது நம் பணமென்றாலும், அவன் முதலில் திருடுவது நம் கவனத்தை. பாங்கிலிருந்து பணத்தோடு வருகிறவர் முன்னால் பத்து ரூபாய் நோட்டுகளைச் சிதறவிட்டு “சார், உங்க பணம் விழுந்திருக்கு” என்பது ஒரு முறை. சட்டையில் எதையோ கொட்டிவிட்டு, துடைக்க உதவுவது இன்னொரு முறை. டயரில் காற்று இல்லை என்பது மூன்றாவது. காலை நேரத்தில் கோயிலுக்குப் போகும் வயதான அம்மாக்களிடம் போலீஸ் என்று சொல்லி, “முன்னால் கலாட்டா நடக்கிறது, நகையைக் கழற்றிக் காகிதத்தில் மடித்து வையுங்கள்” என்பது மயிலாப்பூர், அடையாறு வாசிகள் பலரும் கேள்விப்பட்ட மோசடி. கடைக்குள் நாலைந்து பேராக வந்து, ஒரே சமயத்தில் ஆளுக்கொரு சரக்கைக் கேட்டுச் சிப்பந்திகளைச் சிதறடிப்பதும் இதே வகைதான்.

அதிகாரி வேஷமும் உண்டு. 1987-ஆம் ஆண்டு மார்ச் 19-ஆம் தேதி பம்பாய் ஆப்பெரா ஹவுஸ் பகுதியில் ஒரு பெரிய நகைக்கடைக்குள் சோதனை அதிகாரி என்று சொல்லி ஒருவன் நுழைந்தான். பத்திரிகை விளம்பரம் கொடுத்து, அரசு வேலை என்று நம்ப வைத்துச் சேர்த்த இளைஞர்கள்தான் அவனுடைய ‘பரிவாரம்’. நகைகளைப் பையில் போட்டுக்கொண்டு அவன் மட்டும் வெளியேறினான், திரும்பவில்லை. மெய்யான அதிகாரி அடையாள அட்டை கேட்டால் கோபிக்க மாட்டார். அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்கிறோம் என்றாலும் தடுக்க மாட்டார்.

இவற்றுக்கெல்லாம் மருந்து ஒன்றுதான். திடீரென்று ஏதாவது நடந்தால், முதலில் கை பணப்பைக்கும் கல்லாச் சாவிக்கும் போக வேண்டும், பிறகுதான் கண் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும்.

சந்தேகம் செயலின் மேல் இருக்கட்டும்

இப்போது இந்தப் பாடத்தின் முக்கியமான பகுதிக்கு வருகிறோம். 2018-ஆம் ஆண்டு பிள்ளை பிடிப்பவர்கள் வருகிறார்கள் என்ற வதந்தி செல்போன் மூலம் தமிழ்நாடெங்கும் பரவியது. மே 9-ஆம் தேதி திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வம் கோயிலுக்குப் போன சென்னையைச் சேர்ந்த 65 வயது மூதாட்டி, வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். கூட்டம் கூடியது. அடித்தே கொன்றுவிட்டார்கள். உடன் சென்ற உறவினர்களும் படுகாயமடைந்தனர். பாட்டி குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பது எந்தக் காலத்தில் குற்றமாக இருந்தது? அந்தக் கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவரும் தாங்கள் விழிப்போடு இருந்ததாகத்தான் நினைத்திருப்பார்கள்.

ஆகவே முகம், நிறம், மதம், பாஷை, கிழிந்த சட்டை ஆகியவற்றை வைத்துச் சந்தேகப்படுவது விழிப்பாகாது. நம் கடைகளில் வடமாநிலத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் மூட்டை தூக்குகிறார்கள், ஓட்டல்களில் பரிமாறுகிறார்கள். தமிழ் தெரியாது என்பதற்காக ஒருவரைத் திருடன் போலப் பார்த்தால் அது பாவம், வியாபாரத்துக்கும் கேடு. முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் கடைக்காரரின் கண்ணில், நல்ல வேஷ்டி சட்டையோடு வந்து கல்லாவை அளக்கும் ஆசாமி படவே மாட்டான்.

சட்டமும் நமக்கு எல்லை வகுத்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 40-ஆவது பிரிவுப்படி, ஜாமீனில் விட முடியாத, போலீசார் வாரண்டு இன்றிக் கைது செய்யக்கூடிய குற்றத்தை நம் கண் முன்னால் செய்பவரை நாம் பிடித்து வைக்கலாம். தாமதமின்றி, அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். அடிக்கவோ, கட்டி வைக்கவோ, படம் எடுத்துச் செல்போனில் பரப்பவோ நமக்கு உரிமையில்லை. சந்தேகத்தின் பேரில் ஒரு பெண்ணின் பையையும் உடையையும் கடைச் சிப்பந்தி சோதிப்பது பெருந்தவறு. தவறாகக் குற்றம் சாட்டப்பட்ட வாடிக்கையாளர் அந்த அவமானத்தை ஆயுளுக்கும் மறக்க மாட்டார்.

இதற்கு நம் முன்னோர் காட்டிய அழகான வழி இருக்கிறது. உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் கண்ணைப் பார்த்து “வாங்க, என்ன வேணும்?” என்று கேட்பது. நல்ல வாடிக்கையாளருக்கு அது மரியாதை. கெட்ட எண்ணத்தோடு வந்தவனுக்கோ, என்னைப் பார்த்துவிட்டார்கள் என்ற எச்சரிக்கை. ஒருவரையும் புண்படுத்தாமல் இரண்டு வேலையும் செய்கிற சொல் இது. வெளியே நெடுநேரம் நிற்பவரிடமும் “யாரைப் பார்க்கணும் சார், உள்ளே வந்து உட்காருங்க” என்று சொல்லலாம். மனைவிக்காகக் காத்திருப்பவர் நன்றியோடு உட்காருவார். மற்றவன் நகர்ந்துவிடுவான்.

கடையில் செய்ய வேண்டியவை

1. ஆளை அடையாளம் சொல்லப் பழக வேண்டும். சட்டையை மாற்றிக்கொள்ளலாம், செருப்பை மாற்றுவது அரிது. ஆகவே செருப்பு, நடை, உயரம், கையில் இருந்த பொருள், போன திசை ஆகியவற்றைக் கவனிக்கவும். கதவு நிலையில் ஐந்தடி, ஐந்தரையடி, ஆறடி என்று சிறு கோடுகள் போட்டு வைத்தால் உயரம் சொல்ல எளிது.

2. வண்டி நம்பரைக் கண்டதும் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறிக்கவும். மனதில் வைத்திருப்போம் என்று நம்ப வேண்டாம்.

3. சென்னை மாநகரக் காவல்துறை ‘மூன்றாவது கண்’ என்ற திட்டத்தில் கேமராக்கள் பொருத்த ஊக்குவித்தபோது வியாபாரிகள் பலர் செலவில் பங்கேற்றோம். பொருத்தியதோடு நின்றுவிடக் கூடாது. வாரம் ஒருமுறை படம் பதிவாகிறதா, கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவும். ஒரு கேமராவாவது முகம் தெரியும் உயரத்தில் இருக்கட்டும். உச்சியில் மாட்டிய கேமரா தலை வழுக்கையைத்தான் காட்டும். பதிவுப் பெட்டியையும் திருடர் தூக்கிப் போவதால் அதைக் கல்லா அருகே வைக்க வேண்டாம்.

4. பாங்குக்குப் பணம் கொண்டுபோகும் நேரத்தையும் வழியையும் மாற்றிக்கொண்டே இருக்கவும்.

5. சிப்பந்திகளுக்குள் ஒரு சங்கேதச் சொல் வைத்துக்கொள்ளவும். “கணக்குப்பிள்ளை வந்தாரா?” என்று ஒருவர் உரக்கக் கேட்டால், மற்றவர்கள் மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு வர வேண்டும்.

6. வெளியேறும் வழி எப்போதும் திறந்திருக்கட்டும். 2017-ஆம் ஆண்டு மே 31-ஆம் தேதி உஸ்மான் சாலையில் பெரிய துணிக்கடைக் கட்டடம் விடியற்காலையில் தீப்பிடித்தது. தீயை அணைக்க ஒரு நாளுக்கு மேல் ஆயிற்று. கூட்ட நேரத்தில் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மாடிப்படியில் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைக்கும் பழக்கத்தை இன்றே விட வேண்டும்.

7. சந்தேகம் பொய்யாகிவிட்டால் அதைச் சொன்ன பையனைத் திட்ட வேண்டாம். ஒருமுறை திட்டு வாங்கியவன் அடுத்த முறை கண்டும் சொல்ல மாட்டான்.

சங்கம் செய்ய வேண்டியது

தீபாவளி நெருங்கினால் தியாகராய நகரில் காவல்துறை உயர் கோபுரம் அமைத்து, மைக்கில் எச்சரித்து, பந்தோபஸ்து போடுகிறது. பங்குனியில் அறுபத்து மூவர் விழாவுக்கு மயிலாப்பூரிலும் இப்படியே. இந்த ஏற்பாடுகளுக்கு ஒரு மாதம் முன்பே ஒவ்வொரு தெரு உறுப்பினர்களும் அந்தந்தக் காவல் நிலைய அதிகாரியை அழைத்து ஒரு மணி நேரக் கூட்டம் நடத்த வேண்டும். அந்தக் கூட்டத்தில் முதலாளிகள் மட்டும் உட்கார்ந்தால் பயனில்லை. கல்லாவில் இருப்பவர், வாட்ச்மேன், லோடு இறக்குபவர், நடைபாதை வியாபாரி எல்லோரும் வர வேண்டும். தமிழ் தெரியாத சிப்பந்திகளுக்கு அவர்கள் பாஷையில் எடுத்துச் சொல்ல ஒருவரை ஏற்பாடு செய்ய வேண்டும்.

அதுவரை ஒன்று செய்யலாம். இந்த வாரம் ஒரு நாள் கடை திறப்பதற்கு முன்னால் பத்து நிமிடம் சிப்பந்திகளை உட்கார வைத்து, இந்தக் கட்டுரையை ஒருவரை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். முடிந்ததும், “நம் கடை வாசலில் இப்போது எத்தனை வண்டிகள் நிற்கின்றன, அவை யாருடையவை?” என்று கேட்டுப் பாருங்கள். வருகிற பதிலிலிருந்து உங்கள் கடையின் பாடம் தொடங்கும்.